ஒரு சேலை குறைந்த கணக்கு

போன வருடம் மாசி மாதம், ஆரணியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. காலை நேரம். நான் தறியில் உட்கார்ந்து, பார்டரில் அறுந்த ஒரு இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது என் மகளின் கணக்கு வாத்தியாரிடமிருந்து போன் வந்தது. அந்தப் போனை வைத்தபோது எனக்கு என் மகள் மேல் வந்த கோபம் மறுநாள் சாயந்திரமே போய்விட்டது. ஆனால் அந்த இரண்டு நாளில் நடந்ததை இன்று வரை மறக்க முடியவில்லை.

பிள்ளைகளே, நான் பத்தாவது வரைதான் படித்தவன். கணக்கில் தட்டுத் தடுமாறிப் பாஸ் ஆனவன். பட்டு நெய்வது தொழில். எழுதிப் பழக்கமில்லை. ‘நடந்ததை நடந்த மாதிரி எழுதுப்பா, போதும்’ என்று மகள் சொன்னதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. பெரணமல்லூர் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெரும்பாலான நாள் இங்கிருந்தே வேலை செய்கிறார். சாயந்திரத்தில், கடைத்தெருவில் ஒரு வெல்ல மண்டிக்கு மேல் இருக்கும் மாடி அறையில், ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணக்கு சொல்லித் தருகிறார். மேலே கணக்கு, கீழே வெல்ல வாசனை. பிள்ளைகள் பசியோடுதான் வீட்டுக்கு வரும்.

அவர் பரீட்சை வைக்கிற விதமே வேறு. போனில் ஒரு லிங்க் வரும். அதைத் தொட்டால் கேள்விகள் வரும். என் மகள் எனக்கு அதை விளக்கிச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கேள்வி எழுதுகிறவர் எண் வர வேண்டிய இடத்தில் எண்ணைப் போடாமல், ‘இதிலிருந்து இது வரைக்கும் ஏதோ ஒன்று’ என்று எழுதி வைத்துவிடுவாராம். பிள்ளை திறக்கும்போது புரோக்ராமே ஓர் எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்ளுமாம். அதனால் கேள்வி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் வேறு, விடை வேறு. திருத்துவதும் அதுவே. பக்கத்தில் எட்டிப் பார்த்து எழுதிப் பிரயோஜனமில்லை.

“இந்தப் புரோக்ராம் எவ்ளோ விலை?” என்று கேட்டேன்.

“விலையே கிடையாதுப்பா. யாரு வேணா எடுத்துக்கலாம். உள்ள எப்படி எழுதியிருக்காங்கன்னு தொறந்து பாக்கலாம். தப்பு இருந்தா நாமளே சரி பண்ணி அனுப்பலாம். உலகம் பூரா வாத்தியாருங்க எழுதின கேள்விங்க ஒரே எடத்துல கெடக்கும். நம்ம சார் அத்த எடுத்துத் தமிழ்ல மாத்துறாரு.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஊரில் யாராவது புதிதாக ஒரு டிசைன் போட்டால், சேலையில் பூ விழ வைக்கிற அந்த அட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். அடுத்த தெருக்காரன் பார்த்துவிடுவான் என்று பாதி நெய்த சேலை மேல் துணி போட்டு மூடுவார்கள். வேலை பார்த்துச் செய்த பொருளைத் திறந்து நடுத்தெருவில் மாட்டி வைக்கிற ஆட்களும் இருக்கிறார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் வேலூரில் ஒரு காலேஜில் பிள்ளைகளுக்குக் கணக்கு முகாம் நடப்பதாக இருந்தது. மாடி வகுப்பிலிருந்து சில பேரைத்தான் அனுப்ப முடியும். அதற்குத்தான் அந்தப் பரீட்சை. என் மகள் அந்த முகாமைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். சோறு போட்டால் அதைப் பற்றி, தலை வாரினால் அதைப் பற்றி.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கேயும் பட்டுத் தறிதான். அந்த வீட்டுப் பெண்ணும் என் மகளும் ஒரே வகுப்பு. அவள் அப்பா எனக்குச் சொந்தம் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒருத்தரை ஒருத்தர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அவர் போனை அவர் கையை விட்டுப் பிரிக்க முடியாது என்பதால், இரண்டு பெண்களும் எங்கள் வீட்டுப் போனில்தான் பரீட்சை எழுதின. நான் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து, நான் உட்காருகிற தறிப் பலகையிலேயே உட்கார்ந்து எழுதின. வீட்டில் நல்ல வெளிச்சமான பல்பு தறிக்கு மேலேதான் இருக்கிறது. முதலில் என் மகள், அவள் முடித்த பிறகு பக்கத்து வீட்டுப் பெண்.

அதற்கு அப்புறம்தான் அந்தப் போன்.

“சொல்றதுக்கே கஷ்டமா இருக்குங்க” என்று ஆரம்பித்தார் சார். “உங்க பொண்ணும் பக்கத்து வீட்டுப் பொண்ணும் பேசி வெச்சிகினு எழுதியிருக்காங்க. ரெண்டு பேர் பேரையும் லிஸ்ட்டுல இருந்து எடுத்துட்டேன்.”

“அவங்களுக்குக் கேள்வியில எண்ணே வேற வேறன்னு பொண்ணு சொல்லிச்சிங்களே சார்?”

“எண்ணு வேறதாங்க. ஆனா வழியைச் சொல்லிக் குடுக்கலாமில்ல? ரெண்டு பேரும் எல்லாக் கணக்கும் சரி. ஒண்ணே ஒண்ணு மட்டும் தப்பு. ரெண்டு பேருக்கும் அதே கணக்கு, அதே மாதிரி தப்பு. யோசிச்சுப் பாருங்க. சரியான வழியில ரெண்டு பேர் போனா ஆச்சரியம் இல்ல. தப்பான வழி ஆயிரம் இருக்கு. ரெண்டு பேரும் அதுல ஒரே வழியில எப்படிப் போவாங்க?”

அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் சொன்னது எனக்கே சரி என்று பட்டது. இரண்டு தறியில் ஒரே பூ சரியாக விழுந்தால் அது டிசைன். இரண்டு தறியிலும் ஒரே இடத்தில் ஒரே பிசகு விழுந்தால், இரண்டும் ஒரே அட்டை என்றுதானே சொல்வோம்?

“நாளைக்குச் சாயந்திரம் ரெண்டு வீட்டுலேயும் வாங்க, பேசலாம்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வதை விட, தீர்ப்புச் சொன்னேன் என்பதுதான் சரி.

“பேசி வெச்சிகினு எழுதினீங்களாமே?”

“யாரு சொன்னா? அவ எழுதும்போது நான் உள்ள அம்மாகூட வெங்காயம் உரிச்சிகினு இருந்தேன்.”

“அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு எப்படி வரும்?”

“எந்தக் கணக்குப்பா தப்பு?”

“அது இன்னாத்துக்கு இப்போ? எப்படி வந்துச்சி, அத்த சொல்லு.”

“எதுன்னே தெரியாம எப்படின்னு நான் எப்படிச் சொல்றது?”

இப்போது நினைத்தால் அவள் கேட்டதில் என்ன குறை? ஆனால் அன்று அது எனக்கு எதிர்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது. “உண்மையைச் சொல்றவ இப்படிச் சுத்தி வளைக்க மாட்டா” என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, “எனக்கு முகாமும் வேணாம், கணக்கும் வேணாம்” என்று உள்ளே போனாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

“வெங்காயம் உரிச்சது நெசந்தாங்க” என்றாள் என் மனைவி.

“நீ ஒருத்தி. எவ்ளோ நேரம் உரிச்சான்னு பாத்தியா?”

“பாக்கலை. கண்ணுல தண்ணி. நீங்கதான் எல்லாத்தையும் பாத்துகினு இருக்கீங்களே.”

இதற்குள் பக்கத்து வீட்டிலும் சத்தம். சுவர் வழியாக எல்லாம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மச்சான் வாசலில் வந்து நின்றார். வழக்கமாக வந்தால் நேரே உள்ளே வந்து செம்பை எடுத்துத் தண்ணீர் குடிக்கிறவர். அன்று படி ஏறவில்லை.

“இன்னாங்க, உங்க பொண்ணுதான் மொதல்ல எழுதிச்சாம். தப்பா சொல்லிக் குடுத்து என் பொண்ணையும் சேர்த்து மாட்டி வுட்டுருச்சே.”

மச்சான் என்று கூப்பிடுகிறவர் ‘இன்னாங்க’ என்றதும் எனக்கும் ஏறிவிட்டது.

“உங்க பொண்ணு கேக்காமலா எங்க பொண்ணு சொல்லிச்சி? போனு எங்களுது, பல்பு எங்களுது, பழியும் எங்களுக்கா?”

“நாளைக்குச் சார் முன்னாடி பேசிக்கலாங்க.”

“பேசிக்கலாங்க.”

இரண்டு பேரும் ‘ங்க’ போட்டே சண்டை போட்டோம்.

மறுநாள் காலை மகள் சாப்பாட்டுத் தட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். வைத்த சத்தம் மட்டும் கேட்டது. தறியில் உட்கார்ந்தேனே தவிர, வேலை ஓடவில்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்தாலும் கஷ்டமாக இருந்தது, உண்மை சொல்கிறாள் என்று நினைத்தாலும் கஷ்டமாக இருந்தது.

சாயந்திரம் நாங்கள் நாலு பேரும் கடைத்தெருவுக்குப் போனோம். நானும் மகளும் ஒரு வண்டி, மச்சானும் அவர் மகளும் ஒரு வண்டி. பெண்கள் இருவரையும் மாடிப்படியில் உட்காரச் சொல்லிவிட்டு அப்பாக்கள் மட்டும் மேலே போனோம். சார் எங்களுக்கு நாற்காலி போட்டார். லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார்.

“நீங்களே பாருங்க. இதுதான் அந்தக் கேள்வி” என்று சொல்லிப் படித்தார். “‘ஒரு பாவின் நீளம் பதினெட்டு மீட்டர். ஒரு சேலைக்கு ஆறு மீட்டர் தேவை. அந்தப் பாவில் எத்தனை சேலைகள் நெய்யலாம்?’ இவ்ளோதாங்க. மூணாங் கிளாஸ் பிள்ளைகூட…”

“ரெண்டு” என்றேன் நான்.

சார் நிறுத்தினார். “இன்னா சொன்னீங்க?”

எனக்குப் பயமாகிவிட்டது. நடுவில் பேசியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். “ரெண்டு சேலைதான் சார் வரும்” என்றேன், கொஞ்சம் மெதுவாக.

சார் என் முகத்தையே பார்த்தார். பிறகு லேப்டாப்பில் ஏதோ தட்டினார். கேள்வி அதேதான், எண் மாறியது. மச்சான் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க. பாவு நாப்பத்திரண்டு மீட்டர். சேலை ஆறு மீட்டர். எத்தனை?” என்று கேட்டார்.

மச்சான் விரலை மடக்கினார். “ஆறு நெய்யலாம். ஏழாவதுக்கு நீளம் பத்தாது.”

“ஏன் பத்தாது? ஆறேழு நாப்பத்திரண்டு. சரியா இருக்கே!”

“கணக்குல சரியா இருக்குது சார். தறியில எங்க இருக்குது?” என்றார் மச்சான்.

அதற்கு மேல் எங்கள் இரண்டு பேரையும் பிடிக்க முடியவில்லை. நேற்று சண்டை போட்டதே மறந்துவிட்டது. மச்சான் தோளில் இருந்த துண்டை எடுத்து மேசை மேல் விரித்தார். “மச்சான், அந்த முனையைப் புடி” என்றார். நான் பிடித்தேன். ‘மச்சான்’ திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

“இது பாவுன்னு வெச்சிக்கோங்க சார். நீளத்துல போற இழைங்க. நான் இங்க நெய்ய நெய்ய, துணி என் பக்கம் சுருட்டிகினு வரும். கடைசியில இன்னா ஆகும்? இந்த முனை அந்தப் பக்கம் நிக்கும். அதுக்கும் துணிக்கும் நடுவுல நூலை அடிச்சி நெருக்குற அச்சு இருக்குது, இழையைத் தூக்கி வுடுற விழுது இருக்குது. அதுக்குப் பின்னால குறுக்கு நூலு போடுற நாடா எப்படிப் போவும்? அந்தத் துண்டு இழை அப்படியே நின்னுடும்.”

“அந்த முனையிலதான் சார் அடுத்த பாவைப் பிணைப்போம்” என்றேன் நான். “அதனால பாவு ஓடும்போதே, நூலை நீளத்துக்கு இழுத்து எடுக்கும்போதே, கூட வெச்சிதான் ஓடுவாங்க. மூணு சேலைக்குச் சரியா பதினெட்டு மீட்டர் குடுத்தா, மூணாவது சேலை முந்தானை இல்லாம நிக்கும். யாரு சார் வாங்குவாங்க?”

சார் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பெண்களின் விடையையும் திறந்தார். என் மகளுக்கு வந்த பாவு இருபத்துநாலு மீட்டர். மூன்று என்று போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு முப்பது மீட்டர். நாலு என்று போட்டிருந்தாள். இரண்டிலும் ஒரு சேலை குறைவு. நாங்கள் சொன்னதிலும் ஒரு சேலை குறைவு.

அவர் அதோடு விடவில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகள் போட்டதையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். நெல் பயிர் வைக்கிற வீட்டுப் பிள்ளைகள், கடை வைத்திருக்கிறவர்கள் பிள்ளைகள் எல்லாம் சரியாகப் போட்டிருந்தன. சேவூரிலிருந்து வருகிற தறி வீட்டுப் பையன் ஒருவன் அதே மாதிரி ஒன்று குறைத்துப் போட்டிருந்தான். அவனுக்கு வேறு கணக்குகளும் தப்பாக இருந்ததால், சார் முதலில் அதைத் தனியாகக் கவனிக்கவில்லை.

சார் லேப்டாப் மூடியைப் பாதி மூடிவிட்டுச் சிரித்தார். அழுகை மாதிரியும் இருந்தது அந்தச் சிரிப்பு.

“இது நான் பண்ண வேலைங்க. எங்கேயோ ஒரு வாத்தியார் எழுதின கேள்வி இது. அதுல பாவும் இல்ல, சேலையும் இல்ல. கயிறு. பதினெட்டு மீட்டர் கயிறை ஆறு ஆறு மீட்டரா வெட்டினா எத்தனை துண்டு? அவ்ளோதான். நம்ம ஊரு பிள்ளைங்களுக்கு ஆசையா இருக்கட்டும்னு நான்தான் கயிறை எடுத்துட்டுப் பாவைப் போட்டேன். எங்க வீட்டுல நெல்லுதாங்க. பாவுன்னா நீளமா ஒரு நூலு, அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

“கயிறுன்னா மூணுதான் சார்” என்றார் மச்சான், உடனே விட்டுக்கொடுத்து. “கயிறைக் கடைசி வரைக்கும் வெட்டலாம்.”

சார் எழுந்து தானே மாடிப்படிக்குப் போனார். பெண்கள் இருவரும் ஒருத்தருக்கு ஒருத்தர் முகம் கொடுக்காமல் இரண்டு படி தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இருவருக்கும் நடுவில் அவர் உட்கார்ந்தார். நான் மேலே கதவருகில் நின்று கேட்டேன்.

“தப்பு என் பேருலம்மா. உங்க ரெண்டு பேரு பேரும் லிஸ்ட்டுல திரும்ப வந்தாச்சு. ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அந்தச் சேலைக் கணக்குல எப்படி யோசிச்சீங்க?”

இரண்டும் ஒரே நேரத்தில், “வால் நிக்குமே சார்!” என்றன. பிறகு ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. எங்கள் வீடுகளில் நெய்ய முடியாமல் நிற்கிற அந்தத் துண்டு இழைக்குப் பிள்ளைகள் வைத்திருக்கிற பெயர் அது, வால்.

பிள்ளைகளே, அந்தக் கேள்வியைத்தான் நானும் கேட்டிருக்க வேண்டும். ‘எப்படி வந்துச்சி’ என்று நானும் கேட்டேன்தான். ஆனால் அது பதில் தெரிந்துகொள்வதற்குக் கேட்டது இல்லை. அவள் பதிலை முதலில் நானே முடிவு செய்துவிட்டு, அதை அவள் வாயால் சொல்ல வைக்கக் கேட்டது. சார் கேட்டது தெரிந்துகொள்வதற்காக. வார்த்தை கிட்டத்தட்ட ஒன்றுதான். பிள்ளைக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். சார் எங்களை விடவில்லை. எல்லோரையும் மேலே கூட்டிக்கொண்டு வந்து லேப்டாப்பைச் சுற்றி உட்கார வைத்தார். அந்தப் புரோக்ராமின் உள்பக்கத்தை நான் அன்றுதான் பார்த்தேன். கேள்வி ஒரு பக்கம், எண் வருகிற இடம் ஒரு பக்கம். அதற்குக் கீழே இன்னொரு இடம் இருந்தது. பிள்ளை இந்த விடை போட்டால் என்ன சொல்வது, அந்த விடை போட்டால் என்ன சொல்வது என்று எழுதி வைப்பதற்கான இடம் அது. அங்கே ‘சரி’ என்று ஒன்று இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் ‘தவறு’ என்று ஒன்றுதான் இருந்தது.

“கேள்வி எழுதுறவங்க, பிள்ளைங்க எங்கெங்க வழி மாறுவாங்கன்னு முன்னாடியே யோசிச்சு இங்க எழுதலாம்” என்றார் சார். “நான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன். ஒண்ணு குறைச்சுப் போட்டா இன்னா சொல்லலாம்? நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க.”

“‘கேள்வியை ஒழுங்கா படிடி கழுதை’ன்னு போடுங்க சார்” என்றார் மச்சான்.

“ப்பா! அப்புறம் உனக்கும் கழுதைன்னுதான் வரும். நீயும்தான் ஒண்ணு குறைச்சே” என்றாள் அவர் மகள். கீழே வெல்ல மண்டிக்காரருக்குக் கேட்கிற மாதிரி சிரித்தோம்.

பிறகு மார்க்கு விஷயம் வந்தது. ஒன்று குறைத்துப் போட்டவர்களுக்கும் முழு மார்க்கு கொடுத்துவிடலாமா என்று சார் கேட்டார். நான் கொடுத்துவிடச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என் மகள் முந்திக்கொண்டாள்.

“வேணாம் சார். கேள்வியில வாலைப் பத்திச் சொல்லலையே. நானா சேர்த்துக்கினேன். அது எவ்ளோ நீளம்னும் எனக்குத் தெரியாது. ஒண்ணு குறையும்னு அடிச்சி வுட்டேன். அது கணக்கு இல்ல.”

“பாதி குடுங்க சார். பாதி வாலுக்கு” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். மறுபடியும் சிரிப்பு.

கடைசியில் சார் அந்தப் பரீட்சையில் எல்லோருக்கும் அந்தக் கேள்வியை நீக்கிவிட்டார். அதற்குப் பதிலாக இரண்டு கேள்வி ஆயிற்று. ஒன்றில் வாலின் நீளத்தையும் கொடுத்துவிட்டு, அதைக் கழித்து எத்தனை சேலை வரும் என்று கேட்பது. அந்த நீளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை வரலாம் என்று சார் எங்களைக் கேட்டார். நானும் மச்சானும் அதற்கு ஒரு சண்டை போட்டோம், இந்த முறை ‘ங்க’ இல்லாமல். இன்னொன்று பழைய கேள்விதான். ஒரு சேலை குறைத்துப் போட்டால் வர வேண்டிய பதிலை இரண்டு பெண்களும் சேர்ந்து தட்டினார்கள். அடிப்பது, அழிப்பது, மறுபடி அடிப்பது என்று நேரம் போனதே தெரியவில்லை. முதலில் ‘தவறு’ என்றுதான் ஆரம்பித்தார்கள். பிறகு என் மகள் அதை அழித்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது மகள் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் கேட்டாள்.

“சார் கேட்டப்போ நீ இன்னாப்பா சொன்னே?”

“ரெண்டு.”

“யோசிச்சியா?”

“யோசிக்கவே இல்ல.”

“நானும்தான்” என்றாள். கொஞ்சம் பொறுத்து என் தோளில் கை வைத்தாள். வண்டி பள்ளத்தில் இறங்கியதால் பிடித்தாளா, சமாதானமாகிப் பிடித்தாளா என்று நான் கேட்கவில்லை. “உன்னை நம்பாம போயிட்டேன்மா” என்று சொன்னேன். ஹாரன் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்குமோ என்னவோ. “ரோட்டப் பாத்து ஓட்டுப்பா” என்றாள்.

மே மாதம் இரண்டு பெண்களும் வேலூருக்குப் போய் வந்தார்கள். அங்கே சோறு சுமார், கணக்கு நன்றாக இருந்தது என்றார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சார் அந்த இரண்டு கேள்வியையும், வாத்தியார்கள் எல்லோரும் எடுத்துக்கொள்கிற பொது இடத்தில் போட்டு வைத்திருந்தார். மழைக்காலம் ஆரம்பித்த சமயம் அவருக்கு ஒரு பதில் வந்தது. தறி இருக்கிற வேறோர் ஊரிலிருந்து, நாங்கள் பார்த்தே இராத ஒரு டீச்சர் எழுதியிருந்தார். சார் அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார். சார் முன்பு அதே இடத்தில் போட்டிருந்த பழைய சேலைக் கேள்வியை எடுத்தபோது, அந்த டீச்சர் வகுப்பிலும் இப்படித்தான் ஆயிற்றாம். சில பிள்ளைகள் ஒன்று குறைத்துப் போட்டார்கள், கவனமில்லை என்று நினைத்துத் திட்டினாராம். புதிய கேள்வியை எடுத்துப் போட்டதும், அதே பிள்ளைகள் போனில் வந்த பதிலைப் படித்துவிட்டு ஓடி வந்து, ‘டீச்சர், இதுக்கு எங்க வீட்டைத் தெரியுது’ என்றார்களாம்.

பிள்ளைகள் போனில் வருகிற அந்தப் பதில் இப்போதும் அப்படியே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். என் மகளும் அவள் தோழியும் வெல்ல வாசனையில் உட்கார்ந்து எழுதியது:

‘நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்று புரிகிறது. தறியில் பாவின் கடைசித் துண்டை நெய்ய முடியாது என்று ஒரு சேலையைக் குறைத்திருக்கிறீர்கள். இந்தக் கணக்கில் அந்தத் துண்டை ஏற்கனவே கழித்துவிட்டுத்தான் நீளம் கொடுத்திருக்கிறோம். இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.’

நான் தறியில் ஒவ்வொரு பாவும் முடிந்து, அந்த வால் மிஞ்சி நிற்கும்போதெல்லாம் இந்த நாலு வரி ஞாபகம் வருகிறது. இதன் முதல் வரியை, சார் போன் செய்த அன்று சாயந்திரம் என் மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் முகம் அறியாத எத்தனையோ பிள்ளைகளுக்கு அவள் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.